முதல் கடல்நீர் மீன்தொட்டி: கோளாறிலிருந்து காரணத்தைப் பிடிக்கும் வழி

நன்னீர் மீன் வளர்த்துப் பழகியவர்கள் கடல்நீருக்கு மாறும்போது முதல் ஆறு மாதத்தில் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். ஸ்கிம்மர் (நீரிலுள்ள கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவி) நுரைக்கவில்லை. கரண்ட் போனால் சம்ப் (கீழே வைக்கும் வடிகட்டும் தொட்டி) வழிகிறது. அம்மோனியா இறங்கவே இல்லை. மே மாதம் தண்ணீர் 32 டிகிரி. கல்லெல்லாம் பழுப்பு. இவற்றில் முக்கால்வாசிக்குப் புதுக் கருவி தேவைப்படாது. நீர்மட்டம், ஊற்றும் தண்ணீரின் தரம், சூடு ஆகிய மூன்றில் ஒன்று தவறியிருக்கும். கடைக்குப் போனால் பெரிய ஸ்கிம்மரையோ பாட்டில் மருந்தையோ கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அதற்கு முன் அளந்து பாருங்கள்.

இங்கே வரும் கணக்குகள் சென்னை போன்ற கடலோர ஊரில், வீட்டுக்குள் வைக்கும் 4 அடித் தொட்டிக்கானவை (120 × 45 × 45 செ.மீ.). விளிம்புவரை நிரப்பினால் 243 லிட்டர். கல், மணல், மேல் இடைவெளி போக 200 லிட்டர் நிற்கும். கீழே கேபினெட்டுக்குள் 75 × 35 × 35 செ.மீ. சம்ப், அதில் 20 செ.மீ. உயரத்துக்கு ஓடும் நீர் சுமார் 50 லிட்டர். ஆக மொத்தம் 250 லிட்டர். பவளம் இல்லாமல் மீன் மட்டும் வளர்க்கும் தொட்டி. உங்களுடையது வேறு அளவென்றால் விகிதத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

கையில் இருக்கவேண்டியவை: தெர்மாமீட்டர், ரிஃப்ராக்டோமீட்டர் (உப்பின் அளவை, அதாவது சலினிட்டியை, காட்டுவது), டி.டி.எஸ். மீட்டர் (நீரில் கரைந்திருப்பவற்றை அளப்பது), அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், ஆல்கலினிட்டி (நீரிலுள்ள கார்பனேட்டின் அளவு) டெஸ்ட் கிட்கள், ஒரு டேப். ரிஃப்ராக்டோமீட்டரை 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) திரவம் வைத்தே சரிசெய்யுங்கள். வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் பூஜ்யம் காட்டும் கருவி 35-இல் இரண்டு புள்ளி தள்ளிக் காட்டுவது சகஜம்.

## தண்ணீரில் கை வைத்தால் சுரீரென்கிறது, அல்லது ஆர்.சி.சி.பி. விழுகிறது

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இது. ஆர்.சி.சி.பி. என்பது மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச். கையை எடுங்கள், மெயினை அணையுங்கள், பிறகு யோசிக்கலாம்.

முதலில் பார்க்க வேண்டியது: பிளக் இருக்கும் இடம். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கி, பிறகு மேலேறிப் பிளக்குக்குப் போகவேண்டும். வயர் நேராக இறங்கினால் உப்புநீர் அதன் வழியே ஓடி எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குள் சேரும். சம்ப் கேபினெட்டுக்குள் தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எப்படியும் ஒருநாள் நனையும். பக்கவாட்டுச் சுவரில், சம்ப் விளிம்பைவிட உயரத்தில் திருகி மாட்டுங்கள்.

அடுத்தது: எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டு ஆர்.சி.சி.பி.யை ஏற்றி, ஒவ்வொன்றாகச் சொருகுங்கள். எதைச் சொருகும்போது விழுகிறதோ அந்தக் கருவியைத் தூக்கி எறியுங்கள். ஹீட்டரின் கண்ணாடிக் குழாய் விரிசல், பழைய வேவ் மேக்கரின் (தொட்டிக்குள் அலையோட்டம் தரும் பம்ப்) எபாக்ஸி வெடிப்பு இரண்டும் முதல் சந்தேகம். பம்பை ஒட்டிச் சரிசெய்து மறுபடி தண்ணீரில் போடாதீர்கள்.

எலக்ட்ரீஷியனை அழைக்கவேண்டிய இடம்: வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லை என்றால், அல்லது பழைய கட்டடத்தில் எர்த் பின் வெறும் ஓட்டையாக மட்டும் இருந்தால், தொட்டியில் தண்ணீர் ஊற்றும் முன்பே அழைக்கவேண்டும். உப்புத்தண்ணீர் மின்சாரத்தை நன்னீரைவிடப் பலமடங்கு எளிதில் கடத்தும். ஆர்.சி.சி.பி. இல்லாமல் எர்த் கம்பியை மட்டும் தண்ணீரில் விடுவது பாதுகாப்பு ஆகாது.

## தரையில் தண்ணீர்

### கரண்ட் போகும்போது மட்டும் சம்ப் வழிகிறது

பம்ப் நின்றதும் மேல் தொட்டியின் நீர், சம்பு நீரை மேலேற்றும் ரிட்டர்ன் குழாய் வழியாகவே கீழே இறங்குகிறது. மேல் தொட்டியில் ஒரு செ.மீ. இறங்கினால் 5.4 லிட்டர். ரிட்டர்ன் நாசில் நீர்மட்டத்துக்கு 2 செ.மீ. கீழே இருந்தால் 11 லிட்டர் வரும். 8 செ.மீ. கீழே இருந்தால் 43 லிட்டர் வரும். மேலே சொன்ன சம்பில் காலியிடம் 39 லிட்டர்தான். மேல் தொட்டி நீர் வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் குழாயிலும் நிற்கும் தண்ணீர் வேறு ஐந்தாறு லிட்டர் சேரும். வழியாமல் என்ன செய்யும்?

1. நாசிலை மேலே திருப்பி, நீர்மட்டத்துக்கு ஒன்றிரண்டு செ.மீ. கீழே மட்டும் இருக்கும்படி வையுங்கள். செலவில்லை, பத்து நிமிட வேலை.
2. குழாயில் நீர்மட்டத்தை ஒட்டி 4 மி.மீ. ஓட்டை இருந்தால் அதைத் துடைப்பக்குச்சியால் குத்திவிடுங்கள். பாசியும் உப்பும் அடைத்திருக்கும். ஓட்டையே இல்லையென்றால் போடுங்கள். மட்டம் இறங்கும்போது அதன் வழியே காற்று புகுந்து சைஃபன் (நீர் தானாக இழுபட்டு இறங்குவது) அறுந்துவிடும்.
3. சம்பில் மார்க்கரால் இரண்டு கோடு போடுங்கள்: ஓடும்போது மட்டம், நிறுத்தியபின் மட்டம். நிறுத்தியபின் வரும் கோடு விளிம்புக்கு 3 செ.மீ. கீழேயாவது இருக்கவேண்டும். "ஓடும் மட்டம்" என்ற கோட்டுக்கு மேல் யார் தண்ணீர் ஊற்றினாலும் அடுத்த மின்வெட்டில் தரை நனையும். இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.
4. நான்-ரிட்டர்ன் வால்வை நம்பித் திட்டமிடாதீர்கள். ஒரு சிறு நத்தையோ சுண்ணாம்புத் துகளோ உட்கார்ந்தால் அது மூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் கொள்ளவில்லை என்றால் சம்ப் சிறியது. மேல் தொட்டிக் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்காவது சம்ப் இருக்கவேண்டும் என்று முதலிலேயே திட்டமிடுவதுதான் மலிவு. கேபினெட் கதவின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். கதவு வழியே நுழையாத சம்பை, தொட்டி நிரம்பியபின் மாற்றவே முடியாது.

### பம்ப் ஓடும்போதே மேல் தொட்டி வழிகிறது

வடிகால் அடைத்திருக்கிறது. ஓவர்ஃப்ளோ சீப்பின் பற்களில் பாசி, குழாய் வாயில் நத்தை அல்லது ஃபில்டர் பஞ்சு. எடுத்துவிட்டால் தீரும். மீண்டும் நேராமல் இருக்க, ரிட்டர்ன் பம்ப் இருக்கும் அறையின் மொத்த நீரும் மேல் தொட்டியில் கொள்ளவேண்டும். 20 செ.மீ. அகல அறையில் 14 லிட்டர் நிற்கும். மேலே 3 செ.மீ. இடைவெளி விட்டிருந்தால் 16 லிட்டர் கொள்ளும். வடிகால் அடைத்தாலும் பம்ப் வறண்டு நிற்குமே தவிர வீடு நனையாது. ஆட்டோ டாப்-அப் (ஆவியான நீரைத் தானாக ஈடுசெய்யும் கருவி) வைத்திருப்பவர்கள் கவனிக்க: அந்த அறை வற்றும்போது அது நன்னீரைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அதனால் அதன் சேமிப்பு வாளி 20 லிட்டருக்கு மேல் வேண்டாம்.

### எப்போதும் கொஞ்சம் ஈரம், வெள்ளை உப்புக் கோடு

கசிவைத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு இணைப்புக்குக் கீழும் டிஷ்யூ பேப்பர் சுற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். நனையும் பேப்பர் இடத்தைக் காட்டும். யூனியன் (கையால் கழற்றக்கூடிய இணைப்பு) என்றால் கழற்றி ஓ-ரிங்கைத் துடைத்துக் கையால் இறுக்கினால் போதும். திருகுமரை என்றால் டெஃப்லான் டேப். ஒட்டிய இணைப்பில் கசிந்தால் அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புதிதாகத்தான் ஒட்டவேண்டும். மேலே சால்வென்ட் பூசுவது நிற்காது.

பேப்பர் நனைவது கண்ணாடி மூலையில் என்றால் அங்கே நிறுத்துங்கள். தண்ணீரைக் கசிவுக்குக் கீழே இறக்கி, தொட்டி செய்தவரை அழையுங்கள். புது சிலிகான் பழைய சிலிகான்மேல் பிடிக்காது. முழு மூட்டையும் சுரண்டி எடுத்து ஒட்டி, ஒரு வாரமாவது காயவிடவேண்டும். ஸ்டாண்டின் மட்டத்தையும் அவரிடம் பார்க்கச் சொல்லுங்கள். இந்த அமைப்பு நிரம்பியபின் ஏறக்குறைய 400 கிலோ. ஒரு கால் 3 மி.மீ. தாழ்ந்திருந்தாலும் அந்தப் பாரம் மூலை ஒட்டில்தான் விழும்.

## ஸ்கிம்மர்

### நுரை வரவே இல்லை

தொட்டியில் இன்னும் மீன் இல்லையென்றால் நுரைக்க எதுவும் இல்லை. விட்டுவிடுங்கள். மீன் இருந்தும் ஸ்கிம்மர் புதிதென்றால் ஒன்றிரண்டு வாரம் பொறுக்கவேண்டும். பிளாஸ்டிக்கில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் படலம் போகும்வரை நுரை நிற்காது. தேங்காய் எண்ணெய் தடவிய கையைத் தொட்டிக்குள் விட்டாலும், எண்ணெய்ப்பசை உள்ள ஃப்ரோசன் உணவு போட்டாலும் சில மணி நேரம் நுரை படுத்துவிடும். சோப்புப் போடாமல் வெறும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவிய கைதான் உள்ளே போகவேண்டும்.

இவை எதுவும் இல்லையென்றால் டேப்பை எடுங்கள். ஸ்கிம்மர் நிற்கும் அறையின் நீர் ஆழம் எவ்வளவு? பெரும்பாலான உள்வைப்பு ஸ்கிம்மர்கள் 15 முதல் 20 செ.மீ. ஆழத்துக்குச் செய்யப்பட்டவை. உங்களுடையதற்குச் சரியான எண் அதன் கையேட்டில் இருக்கும். அதற்கும் உங்கள் ஆழத்துக்கும் 3 செ.மீ. வித்தியாசம் இருந்தாலே கருவி மாறியதுபோல நடந்துகொள்ளும். ஆழம் அதிகமென்றால் கீழே ஒரு அக்ரிலிக் மேடை வையுங்கள். ஆழம் நாளுக்கு நாள் மாறினால் கோளாறு ஸ்கிம்மரில் இல்லை, சம்பின் தடுப்பில் இருக்கிறது. ஆவியாகி மட்டம் இறங்குவது ரிட்டர்ன் பம்ப் அறையில் மட்டும் நடக்கவேண்டும். ஸ்கிம்மர் அறையைத் தடுப்புக் கண்ணாடி ஒரே மட்டத்தில் வைத்திருக்கவேண்டும். சம்ப் செய்யச் சொல்லும்போதே ஸ்கிம்மர் கையேட்டைத் தொட்டி செய்பவர் கையில் கொடுத்து, "இந்தத் தடுப்பு 18 செ.மீ." என்று எண்ணாகச் சொல்லுங்கள். ஸ்கிம்மர் புகார்களில் பாதி இந்த ஒரு வரியில் தீர்ந்துவிடும்.

ஆழம் சரியாக இருந்தால் காற்றுக் குழாய். காற்று நுழையும் இடத்தில் உப்பு படிந்து அடைப்பது கடலோர ஊர்களில் மாதம் ஒருமுறை நடக்கும். பம்ப் ஓடும்போதே ஒரு டம்ளர் வெதுவெதுப்பான ஆர்.ஓ. தண்ணீரைக் காற்றுக் குழாய் வழியே உறிஞ்சவிடுங்கள். உப்பு கரைந்து உறிஞ்சும் சத்தம் மாறுவது காதிலேயே கேட்கும்.

அதற்கும் அசையவில்லை என்றால் பம்பைக் கழற்றி, வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஒரு மணி நேரம் ஊறவைத்துப் பழைய டூத்பிரஷால் தேயுங்கள். பம்புக்குள் சுழலும் ஊசிச்சக்கரம் சுண்ணாம்பு படிந்து கனத்திருக்கும். கடைசியாக இம்பெல்லர் (காந்தமும் அச்சும் சேர்ந்த சுழல்பகுதி): காந்தம் வீங்கியிருந்தாலோ அச்சு உடைந்திருந்தாலோ மாற்றவேண்டும். வாங்கும்போதே ஒரு உதிரி இம்பெல்லர் கேட்டு வாங்குங்கள். சில மலிவு மாடல்களுக்கு அது தனியாகக் கிடைக்காது. அந்த மாடலை வாங்காமலிருக்க அது ஒன்றே போதுமான காரணம்.

### நுரை சேரும் கப் நிரம்பி வழிகிறது, வெறும் தண்ணீராக வருகிறது

மட்டம் அதிகம், வெளியேற்றும் வால்வு அதிகமாக மூடியிருக்கிறது, அல்லது தண்ணீரில் ஏதோ புதிதாகக் கலந்திருக்கிறது. குளோரின் நீக்கி, கல் ஒட்டும் எபாக்ஸி, புது சிலிகான், சில மருந்துகள் எல்லாமே ஸ்கிம்மரைப் பொங்கவைக்கும். கப்பை எடுத்துவிட்டு, வால்வை முழுக்கத் திறந்து, இரண்டு நாள் அப்படியே ஓடவிடுங்கள். தானாக அடங்கும். பிறகு கப்பை வைத்து வால்வை நாளுக்குக் கொஞ்சமாக மூடுங்கள். டீ டிகாக்‌ஷன் நிறத்தில் கெட்டியாக வந்தால் சரியான இடம்.

அளவு தேர்வு: பெட்டியில் போட்டிருக்கும் கொள்ளளவு மீன் குறைவான தொட்டிக்குரியது. 250 லிட்டருக்கு 400 முதல் 500 லிட்டர் என்று போட்டதை எடுங்கள். ஆயிரம் லிட்டருக்கானதை எடுத்தால் நுரை கழுத்துவரை ஏறாது.

## தண்ணீர் முழுக்கப் பொடிக் குமிழ்கள்

புதுத் தொட்டியில் முதல் சில நாள் சாதாரணம். தொடர்ந்தால், முதலில் ரிட்டர்ன் அறையின் மட்டத்தைப் பாருங்கள். டாப்-அப் தண்ணீர் தீர்ந்து மட்டம் இறங்கியிருந்தால் பம்ப் சுழலோடு காற்றையும் உறிஞ்சும். அடுத்து ஸ்கிம்மரைப் பத்து நிமிடம் அணையுங்கள். குமிழ் குறைந்தால் அதன் வெளியேற்றும் வாயில் கருப்பு ஸ்பாஞ்ச் வைத்து வாரம் ஒருமுறை கழுவுங்கள். குறையவில்லை என்றால் வடிகால் குழாய் நீருக்கு மேலிருந்து விழுகிறதா பாருங்கள். அதன் முனை 2 செ.மீ. மட்டும் மூழ்கவேண்டும். தடுப்புக் கண்ணாடிகளின் இடைவெளி 2.5 செ.மீ.க்குக் குறைந்தால் நீர் வேகமாகப் பாய்ந்து குமிழையும் இழுத்துச் செல்லும். இதைச் சரிசெய்யத் தொட்டி செய்பவர் வரவேண்டியிருக்கும்.

வடிகாலின் களகள சத்தம் தனிப் பிரச்சினை. குழாயின் மேல் மூடியில் உள்ள காற்றோட்டையைச் சிறிது சிறிதாகப் பெரிதாக்கினால் அடங்கும். ரிட்டர்ன் ஓட்டம் அதிகமாக இருந்தாலும் இந்தச் சத்தம் வரும். 10 லிட்டர் வாளியை ரிட்டர்ன் குழாயில் பிடித்து நேரம் பாருங்கள். 30 விநாடியில் நிரம்பினால் மணிக்கு 1,200 லிட்டர். 250 லிட்டருக்கு அது போதும். பெட்டியில் 3,000 லிட்டர் என்று போட்ட பம்ப் ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு ஏற்றும்போது ஏறக்குறைய பாதிதான் தரும். வாங்கும்போதே அதைக் கணக்கில் எடுங்கள். தொட்டிக்குள் தேவையான அலையோட்டத்தைத் தனி வேவ் மேக்கர்கள் கொடுக்கட்டும். மணிக்கு 2,000 முதல் 3,000 லிட்டர் திறனில் இரண்டு, எதிரெதிர் மூலைகளில்.

## அம்மோனியா இறங்கவில்லை

### மீன் விடாத தொட்டி, மூன்று வாரமாக அம்மோனியா நிற்கிறது

மீன் விடும் முன் அம்மோனியா போட்டு, அதைத் தின்னும் பாக்டீரியாவை வளர்க்கும் கட்டம் இது. முதலில் கிட்டைச் சோதியுங்கள். வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் அது பூஜ்யம் காட்டவேண்டும். அங்கேயே 0.25 காட்டினால் கிட் காலாவதி, அல்லது வெளிச்சம் சரியில்லாத இடத்தில் நிறம் பார்க்கிறீர்கள். அம்மோனியாவைக் கட்டிப்போடும் மருந்து ஊற்றியிருந்தால் அடுத்த சில நாள் கிட் சொல்வதை நம்பமுடியாது.

அடுத்து, எவ்வளவு போட்டீர்கள்? ஆய்வக அம்மோனியம் குளோரைடு 250 லிட்டருக்கு 1.6 கிராம் போட்டால் 2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) வரும். அது போதும். நாட்டுமருந்துக் கடை நவச்சாரத்தைப் போடாதீர்கள். அதில் வேறென்ன கலந்திருக்கிறது என்று தெரியாது. இறால் துண்டு போட்டு அழுகவிட்டவர்களுக்கு 5 பி.பி.எம். தாண்டியிருக்கும். அந்த அளவில் பாக்டீரியாவே திணறும். பாதித் தண்ணீரை மாற்றுங்கள்.

மூன்றாவது ஆல்கலினிட்டி. அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா கார்பனேட்டையும் செலவழிக்கும். ஆல்கலினிட்டி 5 டி.கே.எச்.க்கு (அதை அளக்கும் அலகு) கீழே போனால் வேலை மந்தமாகும். சமையல் சோடா 7.5 கிராம் போட்டால் 250 லிட்டரில் 1 டி.கே.எச். ஏறும். ஒரு நாளில் அதற்கு மேல் ஏற்றாதீர்கள். 8 வந்ததும் நிறுத்துங்கள். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதைப் போடக்கூடாது.

அம்மோனியா இறங்கி நைட்ரைட் மட்டும் வாரக்கணக்கில் நின்றால் ஒரு சிட்டிகை மீன் உணவு போடுங்கள். காய்ந்த கல்லும் சுத்தமான நீரும் உள்ள தொட்டியில் பாஸ்பேட் இல்லாமலேயே நைட்ரைட்டைத் தின்னும் பாக்டீரியா முடங்கும். நைட்ரைட் இருக்கும்வரை நைட்ரேட் கிட் பொய்யாக அதிகம் காட்டும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். 2 பி.பி.எம். அம்மோனியா போட்டு 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் ஆனால் தொட்டி தயார். நான்கு முதல் ஆறு வாரம் ஆவது இயல்பு.

இந்தக் கட்டத்தில் "ராமேஸ்வரத்திலிருந்து உயிர்க்கல் (பாக்டீரியாவோடு கடலிலிருந்து எடுத்த பவளக்கல்) கொண்டுவந்து போட்டால் ஒரே வாரத்தில் சரியாகும்" என்று சொல்ல யாராவது இருப்பார்கள். செய்யாதீர்கள். கல் உருவாக்கும் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. செத்துக் காய்ந்த பவளக்கல்லை வைத்திருப்பதும் குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியிருக்கும் திட்டுகள் ஏற்கெனவே பல ஆண்டு சுண்ணாம்புக்காக வெட்டப்பட்டு மெலிந்தவை. நம் வரவேற்பறைக்காக அங்கிருந்து ஒரு துண்டும் வரவேண்டாம். நுண்துளைச் செராமிக் கட்டிகள் சம்பில் 5 கிலோ, தொட்டியில் செயற்கைக் கல் 15 கிலோ, ஒரு பாட்டில் பாக்டீரியா. இவ்வளவும் அதே வேலையைச் செய்யும், நேரம்தான் கொஞ்சம் கூடும்.

### மீன் இருக்கும் தொட்டியில் அம்மோனியா 0.5

உணவை நிறுத்துங்கள். செத்த மீன் கல்லிடுக்கில் இருக்கிறதா தேடுங்கள். 50 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் சுமார் 1.85 கிலோ கடல் உப்புக் கலவையைக் கரைத்து, பம்ப் வைத்துக் கலக்கி, சலினிட்டியும் சூடும் தொட்டியோடு ஒத்திருப்பதைப் பார்த்தபின் மாற்றுங்கள். மறுநாள் மறுபடி. ஃபில்டர் சாக்ஸ் (வடிகட்டும் துணிப்பை), ஸ்பாஞ்ச், கல் எல்லாவற்றையும் ஒரே நாளில் குழாய்த் தண்ணீரில் கழுவியதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். சாக்ஸை மூன்று நாளுக்கு ஒருமுறை தாராளமாகக் கழுவலாம். செராமிக் கட்டிகளைக் கழுவவே வேண்டாம், தேவையென்றால் தொட்டியிலிருந்து எடுத்த நீரில் அலசுங்கள்.

## தண்ணீர் 28 டிகிரியைத் தாண்டுகிறது

நம் ஊரில் ஹீட்டரைப் பற்றி யோசிக்கும் நேரத்தைச் சூட்டைக் குறைப்பதற்குக் கொடுங்கள். இலக்கு 25 முதல் 27. கோடையில் அறை 34 இருக்கும்போது தொட்டி தானாக 33 வரும், பம்ப்களின் வாட் அதற்கு மேல் சேரும்.

முதலில் காசு கேட்காதவை. கேபினெட்டின் பின்பலகை மூடியிருந்தால் வெட்டித் திறந்துவிடுங்கள். தொட்டியின் கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலை போடுங்கள், மீன் குதிக்காது. விளக்கைத் தண்ணீரிலிருந்து உயர்த்துங்கள், பகலில் அணைத்து மாலை ஆறு முதல் பதினொன்று வரை எரியவிடுங்கள்.

அடுத்தது நீர்ப்பரப்பைச் சாய்வாகத் தொடும் இரண்டு சிறு விசிறிகள். 2 முதல் 3 டிகிரி இறக்கும். காற்றில் ஈரம் குறைந்த மதுரை, திருச்சியில் நன்றாகவும், சென்னை, தூத்துக்குடியில் சுமாராகவும் வேலை செய்யும். விசிறி போட்டால் நாளுக்கு 4, 5 லிட்டர் ஆவியாகும். அதை நன்னீரால் ஈடுசெய்யாமல் மூன்று நாள் விட்டால் சலினிட்டி 35-இலிருந்து 37-க்கு ஏறிவிடும். அதனால் விசிறி வாங்கும் அன்றே ஆட்டோ டாப்-அப் வாங்கியாகவேண்டும்.

நாள் முழுக்க ஏ.சி. ஓடாத அறையில் விசிறி போதாது. நீரைக் குளிர்விக்கும் சில்லர்தான். 250 லிட்டருக்கு 1/10 எச்.பி. வாங்கினால் மே மாதம் நிற்காமல் ஓடும். 1/4 எச்.பி. எடுங்கள். முதல் பட்ஜெட்டிலேயே இதைச் சேர்க்கவேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. சில்லருக்குப் பணம் இல்லையென்றால் தொட்டியை ஆறு மாதம் தள்ளிவையுங்கள்.

### சில்லர் இருந்தும் இறங்கவில்லை

சில்லரைக் கேபினெட்டுக்குள் வைத்திருக்கிறீர்களா? அது வெளியேற்றும் அனல் அதே கேபினெட்டிலுள்ள சம்பைச் சூடாக்கும். வெளியே எடுங்கள். பின்புறத் தகட்டில் தூசியை பிரஷால் துடையுங்கள். அதன் வழியாகப் போகும் நீரோட்டத்தைப் பக்கெட் வைத்து அளந்து கையேட்டோடு ஒப்பிடுங்கள். கம்ப்ரஸர் ஓடியும் உள்ளே போகும் நீருக்கும் வெளியே வரும் நீருக்கும் சூட்டில் வித்தியாசமே இல்லையென்றால் கேஸ் போயிருக்கிறது. அது ஃப்ரிட்ஜ் மெக்கானிக் வேலை. மின்னழுத்தம் ஏறி இறங்கும் பகுதியென்றால் ஸ்டெபிலைசர் போடுங்கள். கரண்ட் வந்ததும் உடனே கம்ப்ரஸர் கிளம்பாமல் ஐந்து நிமிடத் தாமதம் இருக்கவேண்டும்.

31 ஆகிவிட்டது, சில்லர் செத்துவிட்டது என்றால் ஐஸ் பாட்டில் தற்காலிகமாக உதவும். ஒரு லிட்டர் ஐஸ் 250 லிட்டரை ஏறக்குறைய 0.4 டிகிரி இறக்கும். மூடிய பாட்டிலாகவே சம்பில் மிதக்கவிடுங்கள், ஒரு மணி நேரத்தில் ஒரு டிகிரிக்கு மேல் இறக்காதீர்கள்.

## மீன்கள் மேலே வந்து மூச்சு வாங்குகின்றன

ஒரு நிமிடத்தில் இந்த வரிசையில் பாருங்கள்: பம்ப்கள் ஓடுகின்றனவா, சூடு எவ்வளவு, நீர்ப்பரப்பில் எண்ணெய்ப் படலம் இருக்கிறதா, சலினிட்டி, அம்மோனியா. உடனே ஒரு வேவ் மேக்கரை மேற்பரப்பை நோக்கித் திருப்புங்கள். சூடான கடல்நீரில் ஆக்ஸிஜன் நன்னீரைவிடக் குறைவாகவே கரையும். இரவு இரண்டு மணிநேர மின்வெட்டு, நிறைய மீன் உள்ள தொட்டியைக் காலி செய்துவிடும்.

மின்வெட்டுக்கான ஏற்பாடு: பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம். வீட்டு இன்வர்ட்டரில் வேவ் மேக்கர் ஒன்றையும் ரிட்டர்ன் பம்பையும் மட்டும் இணையுங்கள். சைன் வேவ் இல்லாத இன்வர்ட்டரில் ஏ.சி. பம்ப் உறுமிச் சூடாகும். சில்லரை இன்வர்ட்டரில் போடாதீர்கள்.

எல்லா எண்ணும் சரியாக இருந்தும் செவுள் வேகமாக அடித்துக்கொண்டால், உடம்பில் பொடி தூவியதுபோலத் தெரிந்தால், அது வடிகட்டியின் கோளாறு இல்லை, ஒட்டுண்ணி. செம்பு மருந்தைக் கல்லும் மணலும் உள்ள தொட்டியில் ஊற்றாமல், தனி வாளியிலோ தொட்டியிலோ மீனை எடுத்துவிட்டு, மீன்நோய் தெரிந்த கால்நடை மருத்துவரையோ மீன்வளக் கல்லூரியையோ அன்றே கேளுங்கள். நாள் தள்ளினால் பலன் இருக்காது.

## கல்லிலும் மணலிலும் பழுப்பு, பச்சை, சிவப்பு

முதல் இரண்டு மாதப் பழுப்புத் தூள் தானாகப் போகும். போகாமல் திரும்பத் திரும்ப வந்தால் நீங்கள் ஊற்றும் தண்ணீரில் சிலிகா இருக்கிறது. டி.டி.எஸ். மீட்டரை எடுங்கள்.

சமையலறை ஆர்.ஓ. தண்ணீர் 40 முதல் 120 வரை காட்டும். குடிப்பதற்காக அதில் தாதுக்களைத் திரும்பச் சேர்க்கிறார்கள். தொட்டிக்கு வேண்டியது பூஜ்யம். தனியாக ஆர்.ஓ., அதன்பின் டி.ஐ. ரெசின் (மிச்ச உப்புகளைப் பிடிக்கும் குருணை) வைத்த அமைப்பு தேவை. உள்ளே போகும் நீர் 900, மெம்பரேனிலிருந்து (ஆர்.ஓ. சவ்வு) வருவது 45-க்கு மேல் என்றால் மெம்பரேன் தேய்ந்திருக்கலாம், ஆனால் அதற்கு முன் அழுத்தத்தைப் பாருங்கள். மாடித் தொட்டியிலிருந்து ஒரு தளம் இறங்கும் நீரில் நான்கைந்து பி.எஸ்.ஐ. மட்டுமே இருக்கும். மெம்பரேனுக்கு ஐம்பதுக்கு மேல் வேண்டும். பூஸ்டர் பம்ப் இல்லாத அமைப்பில் மெம்பரேனை எத்தனை முறை மாற்றினாலும் எண் இறங்காது. சில நிமிடம் ஓடவிட்டபின் அளக்கவும் வேண்டும், நின்றிருந்த நீரின் முதல் வரவு எப்போதும் அதிகம் காட்டும்.

ரெசின் தீரத் தொடங்கும்போது முதலில் தப்பிவருவது சிலிகாதான். மீட்டர் அதைச் சரியாகக் காட்டாது. அதனால் எண் 1 ஆனதுமே ரெசினை மாற்றுங்கள், 10 ஆகட்டும் என்று காத்திருக்காதீர்கள். கடற்கரையில் குடம் வைத்து மொண்டு வரும் நீர் இதற்கு மாற்றாகாது. கூவம், அடையாறு, எண்ணூர் முகத்துவாரங்களை ஒட்டிய கரை நீரில் சாக்கடையும் சேர்ந்தே வருகிறது.

தண்ணீர் பூஜ்யம், ஆனாலும் பச்சை நூல்பாசி என்றால் உணவு அதிகம். இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கும் அளவு, நாளுக்கு ஒருமுறை. ஃப்ரோசன் உணவை உருகவைத்து வடித்துப் போடுங்கள். விளக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் எரியவேண்டாம். வாரம் 25 லிட்டர் மாற்றுங்கள். நைட்ரேட் 20-க்குக் கீழே வந்தபின்னும் பாசி குறையாவிட்டால் பாஸ்பேட்டை அளந்து, 0.1-க்கு மேல் இருந்தால் ஜி.எஃப்.ஓ. (பாஸ்பேட்டைப் பிடிக்கும் இரும்பு ஆக்சைடு குருணை) வையுங்கள்.

மணல்மேல் சிவப்புப் படலம் எப்போதும் ஒரே மூலையில் வந்தால் அங்கே நீரோட்டம் இல்லை. படலத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு வேவ் மேக்கரை அந்த மூலைக்குத் திருப்பி, இரண்டு வாரம் கவனியுங்கள். ஆன்டிபயாடிக் மாத்திரையைத் தொட்டியில் போடச் சொல்வார்கள். அது வடிகட்டும் பாக்டீரியாவையும் பாதிக்கக்கூடும். அதைப் போட்டுவிட்டவர்கள் அடுத்த பத்து நாள் தினமும் அம்மோனியாவை அளந்தாகவேண்டும்.